துருவேறிய சிறு துப்பாக்கி: நம் வட்டார வேட்டை வரலாற்றில் ஓர் ஏடு



யூபிலி என்றவுடன் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கூறும் யூபிலி, ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கைச் சரிபார்த்து, கை மாறிப் போனதை உரிய இடத்தில் சேர்க்கும் ஆண்டாகும். ஆகவே ஆலய வரலாற்றோடு, சில வீடுகளின் பரணில் சாக்கில் சுற்றிக் கிடக்கும் ஒரு பொருளின் வரலாற்றையும் இம்மலரில் சேர்ப்பது பொருத்தமே. அப்பொருள், பாட்டனார் காலத்துச் சிறு வேட்டைத் துப்பாக்கி. இதைத் துடைத்துச் சீராக்கலாமா? சீராக்கினால் முயலோ கௌதாரியோ சுடலாமா? இவை இளைஞர் கேட்கும் இரு கேள்விகள். இரண்டிற்கும் விடை வெவ்வேறு என்பதை வரலாறே காட்டும்.

வில்லிலிருந்து வெடிமருந்துக்கு

நம் திருவண்ணாமலைச் சீமையில் ஆயுதத்தின் வரலாறு மிகப் பழமையானது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரர்களைக் காண்கிறோம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் இவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தலைவன் வீழ்ந்த பின்னும் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் அக்கல்லில் இடம் கொடுத்தனர் நம் முன்னோர்.

வெடிமருந்தோ போரோடு வந்தது. 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் ஒருபுறமும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபுறமுமாக இவ்வூரின் அருகே மோதின. அக்காலத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியே இட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். அவ்வகை நாட்டுத் துப்பாக்கியே பின்னர் நெடுங்காலம் மலையோரத்து வேட்டைக்கருவியாக இருந்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. அடுத்த ஆண்டே, 1879-இல், நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச்சட்டம் பிறந்தது. ஆயுதத்திற்கும் வேட்டைக்கும் வரம்பு வேண்டும் என்ற எண்ணம் அன்றே தோன்றிவிட்டது எனலாம்.

விளிம்பில் அடிபடும் தோட்டா

நாம் பேச எடுத்துக்கொண்டது இதற்குப் பின் வந்த வகை. தேசிய மாணவர் படையில் பயின்றவர்கள் ‘பாயிண்ட் டூ டூ’ என்று இதனை அறிவர். குழலின் உள்ளளவு ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். பெரிய தோட்டாக்களில் அடிப்புறத்தின் நடுவில் உள்ள சிறு மூடியை ஊசி குத்தும். இச்சிறு தோட்டாவிலோ, தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். ஊசி அவ்விளிம்பை நசுக்கியவுடன் தோட்டா வெடிக்கும்.

1845-இல் பாரிஸ் நகரத்தின் ஃப்ளோபேர் என்பவர் இதற்கு வித்திட்டார். 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதனைக் கைத்துப்பாக்கிக்கு ஏற்றதாக்கியது. இன்றும் வழங்கும் நீண்ட வகைத் தோட்டா 1887-இல் வந்தது. தென்னாப்பிரிக்கப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பொதுமக்கள் குறிபார்க்கப் பழகும் சங்கங்கள் பெருகின. அவற்றுக்காக பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. முதலிய நிறுவனங்கள் இவ்வகைத் துப்பாக்கிகளைத் திரளாகச் செய்தன. விடுதலைக்குப் பின் வங்காளத்து இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையும் இதனைச் செய்தது. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டதால், பழையவற்றைப் பழுதுபார்த்துப் பேணும் வழக்கம் நம் நாட்டில் நிலைத்தது.

சிறியது என்று எவரும் இதனை எளிதாக எண்ண வேண்டாம். ஈயக்குண்டின் எடை சுமார் இரண்டரை கிராமே. ஆயினும் ஒரு மைல் தொலைவு வரை ஆபத்து உண்டு எனத் தோட்டாப் பெட்டியின் மேலேயே அச்சிடுவர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவும் பகலும் மக்கள் நடக்கும் ஊர் நம்முடையது என்பதை நினைவில் கொள்க.

துரு ஏன் வருகிறது?

பழைய தோட்டாவின் தீப்பற்றும் மருந்து, சுட்ட பின் உப்பு போன்ற கசடைக் குழலுக்குள் விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் இரும்பை அரிக்கும். எண்ணெய் மட்டும் தடவினால் இக்கசடு கரையாது. வெந்நீரால் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இட வேண்டும். 1920-களுக்குப் பின்னரே அரிக்காத மருந்து பரவலாயிற்று. ஆகவே பல பழந்துப்பாக்கிகளைக் கெடுத்தது அதிகமாகச் சுட்டதன்று. சுட்ட அன்றிரவே கழுவாமல் வைத்ததுதான். படுக்குமுன் ஆன்ம சோதனை செய்யும் வழக்கத்தைத் திருச்சபை வற்புறுத்துவதன் பொருளும் இதுவே அன்றோ?

கைதேர்ந்தவர் சீராக்கும் முறை இது: முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்வர். பின்புறமிருந்து பித்தளைத் தூரிகை செலுத்தி, உள்ளே திருகுபோல் ஓடும் வரிகள் எஞ்சியுள்ளனவா என ஒளி வைத்துப் பார்ப்பர். வெறுமனே விசையை இழுத்து விளையாடியிருந்தால், ஊசி குழலின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழுந்திருக்கும், தோட்டா சிக்கும். அதனையும் சரிசெய்வர். வரிகள் அழிந்திருந்தால் குழலைக் குடைந்து, உள்ளே புதுக்குழல் ஒன்றைப் பொருத்துவதும் உண்டு. மரக்கட்டையில் ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை மெல்லத் தேய்ப்பர். ஆனால் உப்புத்தாளை எடுத்துப் பளபளப்பாக்க மாட்டார்கள். அது பழமையை அழிப்பதோடு, பொறித்த எண்ணையும் அழிக்கும். அடையாள எண்ணை அழிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். பழுதுபார்க்கவும் தனி உரிமம் பெற்றவருக்கே அனுமதி உண்டு. வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க வேலை அன்று இது.

திருச்சபையும் வேட்டையும்

வேட்டை விவிலியத்திற்குப் புதிதன்று. ஆதியாகமம் நிம்ரோதை வல்ல வேட்டைக்காரன் என்கிறது; ஏசா தந்தைக்கு வேட்டை உணவு சமைத்தான். ஆயினும் உபாகமம் 22-ஆம் அதிகாரம், கூட்டில் குஞ்சுகளோடு தாய்ப்பறவையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தடுக்கிறது. இனம் அழியாமல் காக்கும் அறிவு அதில் உண்டு. 727-இல் மறைந்த ஆயர் புனித ஊபர்ட் வேட்டைக்காரரின் பாதுகாவலர். கொம்புகளிடையே சிலுவை தாங்கிய மானைக் கண்டு மனந்திரும்பினார் என்பது மரபு. குருக்களுக்கோ 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் வேட்டையைத் தடை செய்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 138-ஆம் சட்டமும் வேட்டையில் ஈடுபடலாகாது என்று குருக்களுக்குக் கட்டளையிட்டது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல், படைப்பைக் காக்கும் கடமையை நம் அனைவருக்கும் உரியதாக்கியது.

இன்று நாம் செய்ய வேண்டியது

1972-ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுவேட்டைக்கென்று ஓர் உரிமம் தொடக்கத்தில் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஏட்டை மூடிவிட்டது. இன்று காட்டு முயலையும் கௌதாரியையும் காடையையும் சுடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காட்டுப்பன்றி பயிரை அழித்தால் வனத்துறையிடம் முறையிட்டு நிவாரணம் கோரலாம். தாமே துப்பாக்கி எடுத்தல் ஆகாது.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, உரிமம் பெற்றவர் இறந்தால் அவரது உரிமம் பிள்ளைகளைச் சேராது. அதனைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ தாமதமின்றி ஒப்படைத்து, விரும்பினால் தம் பெயரில் புதிய உரிமம் கோரி விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் கிடைத்த பின் குடும்ப நினைவுப் பொருளாகச் சீராக்கிப் பேணலாம். உரிமமின்றி வைத்திருப்போருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பரணில் இருப்பது பாட்டனார் பெருமையே ஆயினும், ஏறிப்பார்க்கும் பேரப்பிள்ளைக்கு அது விளையாட்டுப் பொருள். தோட்டா உள்ளே இருக்கிறதா என்பது அப்பிள்ளைக்குத் தெரியாது.

எனவே இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் பரணை ஒருமுறை பார்ப்பாராக. அத்தகைய பொருள் இருப்பின், அதைத் தொட்டுத் துடைக்குமுன், எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குமுன், காவல் நிலையத்திற்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைப்பாராக. தயங்குவோர் பங்கு அலுவலகத்திற்கு வந்து கலந்து பேசலாம். உடன் வரவும் நாம் ஆயத்தம். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை இறைவாக்கினர் இசையாஸ் கண்டார். அந்நாள் நம் பங்கில் ஒரு பரணிலிருந்தேனும் தொடங்கட்டும்.

யூபிலி காணும் நம் பங்குக் குடும்பங்கள் அனைத்திற்கும் இறைவனின் ஆசி நிறைவாகக் கிடைப்பதாக!