முள் ஏன் அசையவில்லை? நியூரோஸ்போரா கடிகாரமும் குளுக்கோஸ் ஈடுசெய்தலும்

தராசு முள் நடுவில் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரு தட்டிலும் எடை சமமாக இருக்கலாம். இல்லையேல் முள் துருவேறி இறுகியிருக்கலாம். எட்ட நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. உணவு மாறினாலும் உயிர்க் கடிகாரத்தின் அலைவுக்காலம் மாறாதிருப்பதை விளக்கும்போது நாம் பெரும்பாலும் 'நிலைப்பு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிடுகிறோம். அவற்றைப் பிரித்துக் காட்டியதே கணித மாதிரிகள் செய்த பெரிய வேலை என்பது என் வாதம்.

நியூரோஸ்போரா கிராசா, ரொட்டியில் படரும் செம்மஞ்சள் பூஞ்சை. நீண்ட கண்ணாடிக் குழாயில் இருட்டில் வளரவிட்டால், ஏறத்தாழ 22 மணி நேரத்துக்கு ஒரு வித்துப் பட்டையை இட்டபடி நகரும். அளவுகோலும் பொறுமையும் இருந்தால் கடிகாரத்தை வாசித்துவிடலாம். ஒயிட் காலர்-1, ஒயிட் காலர்-2 என்னும் புரதங்கள் இணைந்து ஃப்ரீக்வென்சி மரபணுவைத் தூண்டுகின்றன. அதிலிருந்து பிறக்கும் புரதம் திரும்பிவந்து தன்னைத் தூண்டியவற்றையே முடக்குகிறது. ஊடகத்தில் குளுக்கோஸைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தச் சுற்றின் காலம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இதைத்தான் குளுக்கோஸ் ஈடுசெய்தல் என்கிறோம்.

இது தானாக நடந்துவிடக் கூடியதன்று. இத்தகைய சுற்றை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதி, அதிலுள்ள வேக மாறிலிகள் அனைத்தையும் இரட்டித்தால் அலைவுக்காலம் சரிபாதியாகிவிடும். காலத்தின் அலகை மாற்றியதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எனவே குளுக்கோஸ் எல்லா வினைகளையும் ஒருசேர முடுக்கினால் கடிகாரமும் முந்தியே ஓட வேண்டும். முந்தவில்லை என்றால், குளுக்கோஸ் கடிகாரத்தைத் தொடவே இல்லை, அல்லது அது ஒரு பக்கம் காலத்தைக் குறைக்கும்போது மறுபக்கம் ஏதோ ஒன்று நீட்டுகிறது. வெப்பநிலை ஈடுசெய்தலுக்குப் பீட்டர் ருவாஃப் முன்வைத்த சமநிலைக் கோட்பாட்டின் சாரமும் இந்த இரண்டாவது வழியே.

2012-இல் ஹைடெல்பர்க்கின் மைக்கேல் புரூனர் குழு சிஎஸ்பி-1 என்ற அடக்கியைச் சுட்டிக்காட்டியது. ஒயிட் காலர் கூட்டால் தூண்டப்படும் இந்தப் புரதம், ஒயிட் காலர்-1 மரபணுவைக் குளுக்கோஸுக்கு ஏற்ப அடக்குகிறது. அதை நீக்கிய பூஞ்சையில் ஈடுசெய்தல் குலைகிறது. துருவேறிய முள்ளாக இருந்திருந்தால், ஒரு எடைக்கல்லை எடுத்ததும் சாய்ந்திருக்காது.

2015-இல் டோவ்ஜெனோக், ஹாங் முதலியோர் இந்தப் பின்னூட்டத்தைச் சேர்த்துக் கட்டிய மாதிரி இன்னும் நுட்பமானது. சிஎஸ்பி-1, ஒயிட் காலர்-1 மரபணுக்களின் தூண்டல் வேகங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக அமையும் குறுகிய எல்லைக்குள் மட்டுமே ஈடுசெய்தல் நிகழ்ந்தது. ஒயிட் காலர்-1ஐ மிகையாக உற்பத்தி செய்தால் சமன் குலையும் என்று மாதிரி முன்கூட்டிச் சொன்னது. ஆய்வகத்தில் அப்படியே நடந்தது. அதே கட்டுரையின் மற்றொரு முடிவை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். மூலக்கூறுகளின் தற்செயல் ஏற்றத்தாழ்வைச் சேர்த்துக் கணித்தபோது, இப்பின்னூட்டம் அந்த இரைச்சலுக்கு எதிரான உறுதியைக் கூட்டவில்லை. உணவைத் தாங்கும் திறன் வேறு, இரைச்சலைத் தாங்கும் திறன் வேறு.

அவ்வளவு குறுகிய எல்லையில் பரிணாமம் எப்படிக் கால் வைத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குறுக்கம் பூஞ்சையினுடையதா, மாதிரியினுடையதா? அதே 2015-இல், ஆர்என்ஏ ஹெலிகேஸ் ஒன்றைக் குறிக்கும் பீரியட்-1 மரபணுவும் உணவு ஈடுசெய்தலில் பங்குகொள்வது தெரியவந்தது. தட்டில் நாம் எண்ணாத எடைக்கற்கள் இருக்கின்றன. சிலவற்றை மட்டும் வைத்து நிறுத்தால், சமன்படும் இடம் ஊசிமுனை அளவாகத் தெரிவதில் வியப்பில்லை.

இதைச் சோதிக்கலாம். பீரியட்-1இன் வேலையை மாதிரியில் சேர்த்துப் பாருங்கள்: எல்லை விரிந்தால், குறுக்கம் மாதிரியினுடையது என்ற என் ஊகம் நிற்கும், விரியாவிட்டால், பரிணாமம் பற்றிய அந்தக் கேள்விக்கு நான் வேறு விடை தேட வேண்டும்.