கஞ்சி ஊற்றுவது யார்?

"வயசான காலத்துல எனக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்று ஒரு தாய் கேட்டால், பிள்ளைகளுக்குச் சுருக்கென்று தைக்கும். அரிசி விலை பற்றிய கேள்வி அது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சோறு போடுவான், துணி எடுத்துத் தருவான் என்பதெல்லாம் கடமைக் கணக்கு. கஞ்சி ஊற்றுவது என்றால் படுத்த பிறகும் பக்கத்தில் இருப்பது. தமிழில் கஞ்சி என்ற பெயர்ச்சொல்லைவிட அதோடு சேரும் வினைக்குத்தான் எடை அதிகம்.

ஆரணியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர் அது. இரண்டும் சந்திக்கும் இடம் கஞ்சி. சாயம் ஏறிய பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன், விடியற்காலையில் பாவை, அதாவது நீளவாக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நீர்த்த அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். கஞ்சி கெட்டியானால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீராகப் போனால் நூலுக்கு விறைப்பு வராது, தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும். விரலால் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லும் வயதானவர்கள் இருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். மழை நாளில் பாவு ஓடாது. பாவு ஓடாவிட்டால் தறி ஓடாது, அடுப்பில் கஞ்சி மட்டும்தான்.

சொல் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தின் அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே கஞ்சி மிச்சம், வளத்தின் அடையாளம். குறளில் வரும் புற்கை வேறு ரகம்: தெளிந்த நீர் போன்ற கூழானாலும் உழைத்துச் சம்பாதித்தது என்பதால் இனிப்பது. கடல் வழியாக வந்த போர்ச்சுகீசியர் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். கோவாவில் இருந்த மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீருக்கு இங்குள்ளவர்கள் சொல்லும் பெயராக இதைக் குறித்திருக்கிறார். இன்று போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் கான்ஜா என்றால் கோழி சூப். சைவக் கஞ்சி அங்கே போய் அசைவமாகிவிட்டது. ஆங்கிலேயர் வாயில் அது காஞ்ஜி ஆனது. பட்டாளத்துச் சிப்பாயை அடைத்துவைக்கும் அறைக்குக் 'காஞ்ஜி ஹவுஸ்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே போனவனுக்கு அதுதான் சாப்பாடு.

கஞ்சியோடு 'தொட்டி' என்ற சொல் சேர்ந்ததும் நிறம் மாறியது. தொட்டி என்றால் நம் ஊரில் மாட்டுக்குக் கழுநீர் வைப்பது. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடு கடுமையாக அடிபட்டது. 1877இல் இந்திய அரசு அனுப்பி வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட இல்லை. அதை எதிர்த்து மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எழுத்திலேயே சண்டை போட்டார். சமைத்த கஞ்சியை யார் கையால் வாங்குவது என்ற சாதிப் பிரச்சினை வேறு. இப்படிப்பட்ட காலங்களைத்தான் கஞ்சித்தொட்டி என்ற சொல் நினைவூட்டுகிறது: வரிசை, மேற்பார்வை, கையில் மண்சட்டி.

ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தாரஸ் அடிகளார் பணி செய்த காலமும் அதுதான். அவரிடம் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். இதை 'அரிசிக் கிறிஸ்தவம்' என்று சிரிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பசித்தவன் தன்னை மனிதனாக மதித்த கையை நம்பியதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மழை பெய்து, பஞ்சம் தெளிந்த பிறகு அந்தக் கை எங்கே போனது? எங்கும் போகவில்லை. தாரஸ் 1916இல் இறக்கும்வரை இந்தப் பகுதியை விடவில்லை. லூர்து அன்னை ஆலயம் எழுந்த அதே சேத்துப்பட்டில் பின்னாளில் புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் வந்தன. தொட்டியில் தொடங்கியது ஊற்றுவதாக மாறியது அங்கேதான்.

நெசவாளி பஞ்ச நிவாரண வரிசையில் நிற்கத் தயங்கியவன். நிவாரண வேலையில் மண் வெட்டிய கை திரும்பப் பட்டு நூலைத் தொட்டால் இழை மாட்டிக் கிழியும் என்பது தொழில் நியாயம். அதனால்தான் பிற்காலப் பஞ்ச நிவாரண விதிகளில் நெசவாளருக்கு அவர்கள் தொழிலிலேயே வேலை கொடுக்க இடம் வைத்தார்கள். ஆனாலும் 2000களின் தொடக்கத்தில் கைத்தறி முடங்கியபோது தமிழ்நாட்டு நெசவு ஊர்களில் மறுபடி கஞ்சித்தொட்டி திறந்தார்கள். இந்த முறை திறந்தவை கட்சிகள். போட்டிக்குப் பிரியாணியும் வந்தது. கொடியும் கேமராவும் நிற்கும் இடத்தில் தட்டை நீட்டுவது எவ்வளவு கூச்சம் என்று நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் வாழ்வில் கஞ்சிக்கு ஒரு நாள் உண்டு, புனித வெள்ளி. பழைய ஞானோபதேசத்தில் அன்று 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்று இரண்டு விதிகள். ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, இறைச்சி இல்லை. ஒருசந்தி என்பது இந்துக்களும் சொன்ன சொல்தான். சபை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பல பங்குகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய கஞ்சியும் துவையலும் கொடுப்பார்கள். மில் வைத்திருப்பவரும் கூலிக்கு நெய்பவரும் ஒரே அண்டாவில் இருந்து வாங்குவார்கள். அன்று தொட்டி என்ற சொல் யார் வாயிலும் வராது, ஏனென்றால் கொடுப்பவரும் அதையேதான் குடிக்கிறார். ரமலான் நோன்புக் கஞ்சியிலும் ஆடிக் கூழிலும் இதே குணம் இருக்கிறது.

ஆனால் புனித வெள்ளி வருஷத்தில் ஒரு நாள். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்புக்கு வைத்த அளவுகோல்களில் முதலில் வருவது பசி. அதற்கு நாள் குறிக்கவில்லை. மீதி நாட்களுக்குப் பாட்டிமார் கண்டுபிடித்த வழி பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் இல்லாத வீட்டுக்கு அனுப்புவது. 1833இல் பாரிஸில் ஓசானம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகளிலும் உண்டு. அதன் அடிப்படை விதி எளிமையானது: இல்லாதவரை வரச் சொல்லக் கூடாது, இருவராக அவர் வீட்டுக்குப் போக வேண்டும். உட்கார்ந்து பேச வேண்டும். அரிசி அதற்குப் பிறகுதான்.

கஞ்சி ஊற்றுவது என்று தமிழன் சொல்வது இதைத்தான். உங்கள் தெருவில் எந்த வீட்டுத் தறிச் சத்தம் நின்றிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டுக்கு இந்த வாரமே போய் வாருங்கள். தொட்டி வைக்கும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.