சூதாட்டத் தரகரும் அனுமதிப்பத்திரமும்: திரியாயிலிருந்து ஒரு நோக்கு

1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தையும், குதிரைப் பந்தயப் பணயம் பற்றிய கட்டளைச் சட்டத்தையும், 2010ஆம் ஆண்டின் கசினோத் தொழில் ஒழுங்குபடுத்தற் சட்டத்தையும் ஒருங்கே நீக்கி, இணையவழிச் சூதாட்டம் உள்ளிட்ட யாவற்றையும் ஒரே அதிகாரசபையின் ஆளுகைக்குள் கொண்டுவந்த 2025ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், இலங்கையில் நெடுங்காலம் தாமதித்த சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டத்தின்கீழ் இனி ஆக்கப்படும் ஒழுங்குவிதிகள் சூதாட்ட நிலையத்தை மட்டுமே நோக்கி, அந்நிலையத்துக்கு ஆட்சேர்த்து அனுப்பும் தரகரை மறந்துவிடுமாயின், சீர்திருத்தத்தின் பயன் கொழும்பு நகரத்தோடு நின்றுவிடும் என்பதே எனது வாதம்.

குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையே, போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்து மீண்ட மக்கள் நெல் விதைத்து வாழும் திரியாயில் கசினோ ஒருபோதும் வரப்போவதில்லை. கொழும்புக் கசினோவுக்குள் நுழையும் பிரஜையிடம் அறவிடும் வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்த அரசு 2025இல் தீர்மானித்தது. வறியவரை வாசலிலேயே தடுக்க அது ஓரளவு உதவலாம். கைத்தொலைபேசிக்கோ அத்தகைய வாசல் இல்லை. கிரிக்கெட் போட்டி நடக்கும் மாலையில் வட்ஸ்அப் குழுவொன்றில் ஓர் இணைப்பு வந்து விழுகிறது. முதற்பணத்துக்கு இரட்டிப்புச் சலுகை என்ற ஆசைவார்த்தையும் உடன் வருகிறது. அந்த இணைப்பின் கடைசியில் உள்ள சில எழுத்துகளும் எண்களும் தரகரின் அடையாளக் குறியீடு. அதைத் தொட்டுக் கணக்குத் திறந்தவர் எவராயினும், நிறுவனத்தின் ஏட்டில் அவர் அத்தரகரின் ஆள். முப்பது சதவீதம் என்று உடன்பாடு செய்திருந்தால், அவர் 10,000 ரூபாய் இழக்கும்போது தரகருக்கு 3,000 ரூபாய் சேரும். அவர் வென்றாலோ ஒன்றும் சேராது. ஆகவே, நண்பனைப் போலப் பேசி, "அடுத்த ஆட்டத்தில் விட்டதைப் பிடிக்கலாம்" என்று ஊக்குவிப்பவரின் ஜீவனமே கேட்பவரின் நஷ்டத்தில் தங்கியிருக்கிறது. அநியாயத்தின் மூலவேர் விளம்பரத்தில் இல்லை, இந்தக் கூலிமுறையில் இருக்கிறது.

பிற தேசங்கள் இதை உணர்ந்துள்ளன. நியூ ஜேர்சி மாநிலத்தில் நிலையான கூலி பெறும் தரகருக்குப் பதிவு போதும். வருமானத்தில் பங்கு கொள்பவரோ கடுமையான விசாரணைக்குட்பட்டு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். பிரித்தானியாவில் தரகரின் குற்றத்துக்கு அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பாளி. இந்தியா பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025இல் அடியோடு தடைசெய்து, அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் தண்டனைக்குரியதாக்கிற்று. தடையை விடுத்து அனுமதிமுறையைத் தேர்ந்துகொண்ட இலங்கை, அம்முறையைக் கடைசிக் கண்ணி வரை கொண்டுசெல்லக் கடமைப்பட்டுள்ளது.

தரகருக்கு அனுமதி வழங்குவது அத்தொழிலுக்குக் கௌரவம் அளிப்பதாகும் என்ற ஆட்சேபம் பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் இன்று அவர் பெறும் பாதுகாப்பு, பெயரற்றிருப்பதால் வருவது. திரியாய் மலையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட சமஸ்கிருதக் கல்வெட்டு, கிரிகண்டிச் சைத்தியத்தை நிறுவிய வணிகக் கூட்டத்தாரைப் பெயர் சுட்டிச் சொல்கிறது. வணிகர் தம் பெயரால் அறியப்பட வேண்டும் என்ற வழக்கம் இவ்வூருக்குப் புதியதன்று. வெளிநாட்டு நிறுவனத்தைச் சட்டம் எட்டிப் பிடிக்காது என்பாரும் உளர். நிறுவனம் தொலைவில் இருக்கலாம். இங்கு வாழும் தரகரும், கூலி வந்து சேரும் அவரது வங்கிக் கணக்கும் நம் நீதிமன்றங்களின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

எனவே, இழப்பில் பங்கு பெறும் ஒப்பந்தம் செல்லாது என்று ஒழுங்குவிதி வெளிப்படையாகக் கூற வேண்டும். பதிவு செய்த தரகரின் பெயரும் எண்ணும் ஒவ்வோர் இணைப்பிலும் தமிழிலும் சிங்களத்திலும் தோன்ற வேண்டும். அப்பதிவேட்டின் பிரதியொன்றை, குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்குச் செல்லும் தாய் ஒருத்தி கேட்டுப் பார்க்கவும், அங்கேயே தன் முறைப்பாட்டைத் தன் மொழியில் எழுதிக் கொடுக்கவும் வழி இருக்க வேண்டும்.