உலக சாம்பியன் ஆன கிராமம்

ஸ்காட்லாந்தில் ரென்டன் என்றொரு கிராமம். துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதே பிழைப்பு. அந்தத் துணி இந்தியாவுக்கும் கப்பலேறியது. 1872இல் அங்கே கால்பந்துக் கழகம் தொடங்கினார்கள். 1885இலும் 1888இலும் ஸ்காட்டிஷ் கோப்பை. 1888 மே மாதம், இங்கிலாந்துக் கோப்பையை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 4-1 என வீழ்த்தி, மைதானத்தில் ‘உலக சாம்பியன்’ என்று பலகையே மாட்டினார்கள்.

பலத்துக்குக் காரணம் ‘சிக்கன் ப்ரீ’ என்பார்கள். பெயரில்தான் கோழி, உள்ளே முட்டையும் போர்ட் ஒயினுமாம். நர்ஸ் நான், சிபாரிசு செய்யமாட்டேன்!

இங்கிலாந்தில் 1885லேயே ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம், ஸ்காட்லாந்தில் கூடாது. கூலிவீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? நல்ல ஆட்டக்காரர்கள் தெற்கே போனார்கள். 1890இல் புதிய லீக்கில் ஐந்தே ஆட்டம்; ரென்டனை வெளியேற்றினார்கள். பணம் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்ட அணியோடு விளையாடியதுதான் குற்றம். 1893இல் ஸ்காட்லாந்தும் சம்பளத்தை அனுமதித்தது.