வீட்டுக்குள் கைப்பேசிச் சிக்னல்

வீட்டுக்குள் சிக்னல் குறைவதற்குக் கோபுரத்தின் தொலைவு ஒரு காரணம், கட்டடம் இன்னொன்று. கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் சுவரும் ரேடியோ அலையின் வலுவைக் கணிசமாகக் குறைக்கின்றன. தகரக் கூரையும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அலைவரிசையைப் பொறுத்தும் நிலைமை மாறும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டி உள்ளே வரக்கூடியவை. 5ஜிக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை எளிதில் வலுவிழக்கும். அதனால் உள்ளறைகளில் 4ஜிக்கு மாற்றினாலே பேச்சு தெளிவாவது உண்டு.

திரையில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாது. அவற்றைக் காட்டும் கணக்கு பேசிக்குப் பேசி வேறுபடும். பல ஆண்ட்ராய்டு பேசிகளின் அமைப்புகளில், சிம் நிலை என்ற பகுதியில் சிக்னலின் வலுவைக் காட்டும் 'டிபிஎம்' அளவு இருக்கும். அது கழித்தல் குறியோடு வரும் எண். 4ஜியில் -85 நல்ல சிக்னல், -110 பலவீனமானது. 10 அலகு இறங்கினால் வலு பத்தில் ஒரு பங்காகிவிடும். இந்த எண்ணைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றி வந்தால் எந்த மூலையில் பேசலாம் என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்தான் முதலில் முயல வேண்டிய வழி. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. அழைப்பு கோபுரத்துக்குப் பதில் இணைய இணைப்பு வழியே செல்லும். எண் அதேதான், தனிச் செயலி எதுவும் வேண்டாம். பேசியும் நிறுவனமும் இந்த வசதியைத் தர வேண்டும், அமைப்புகளில் அதை இயக்கியும் வைக்க வேண்டும்.

கடைகளிலும் இணையத்திலும் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்குவது தவறான முடிவு. இந்தியாவில் அனுமதியின்றி அதைப் பொருத்துவது சட்டவிரோதம், பறிமுதல் செய்வார்கள். இந்தத் தடைக்கு நியாயமான காரணம் உண்டு. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் பெருக்குகிறது. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய இடைவெளியின்றி இருந்தால், தான் வெளியிட்டதையே திரும்ப வாங்கிப் பெருக்கத் தொடங்கும். அப்போது சுற்றிலும் உள்ளவர்களின் அழைப்புகள் கோபுரத்துக்குச் சரியாக எட்டாமல் போகும். ஒரு வீட்டின் வசதிக்காகத் தெருவே தவிக்க நேரும். பிரிட்டன் 2018 முதல் குறிப்பிட்ட தரத்துக்கு உட்பட்ட கருவிகளை மட்டும் உரிமமின்றி அனுமதிக்கிறது.

இவை எதுவும் உதவாவிட்டால் நிறுவனத்தை மாற்றலாம். எண்ணை மாற்றாமல் போர்ட் செய்யும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. போர்ட் செய்வதற்கு முன், மாறப்போகும் நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினர் யாரையாவது வீட்டுக்கு அழைத்து, சிக்னல் கிடைக்காத அதே அறையில் அவருடைய பேசியின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.