மூன்று வள்ளிகளும் ஒரு தட்டுச் சிப்ஸும்

சர்க்கரைவள்ளிக் கிழங்கை எண்ணெயில் பொரிக்காமல், ஓவனில் வைத்துச் சிப்ஸ் செய்யும் வழக்கம் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. "எண்ணெய் இல்லை, உடம்புக்கு நல்லது, சாப்பிடுங்கள்" என்று பிள்ளைகள் தட்டை நீட்டுகிறார்கள். நல்லதுதானா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன், அந்தக் கிழங்கு எங்கிருந்து வந்தது, கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் அதற்குச் சொந்தக்காரர்கள் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் நம் ஊர் விவசாயிகளின் பிழைப்பும் இருக்கிறது.

நம்மிடம் மூன்று வள்ளிகள் உண்டு. காட்டில் கொடியாகப் படரும் வள்ளி, சர்க்கரைவள்ளி, மரவள்ளி. பெயரைக் கேட்டால் அக்கா தங்கைகள் போலத் தோன்றும். செடியைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. முதலாவது மரத்தைச் சுற்றி ஏறும் தனிக் குடும்பம். சர்க்கரைவள்ளி, குளத்தில் படரும் வள்ளைக்கீரைக்குச் சொந்தம். பூவைப் பார்த்தாலே தெரியும். மரவள்ளி ஆமணக்குக்குச் சொந்தம். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு கிழங்குகளுக்கும் நம்மவர்கள் தெரிந்த கிழங்கின் பெயரையே வைத்தார்கள். இனித்ததால் ஒன்று சர்க்கரைவள்ளி. மரம் போலக் குச்சியாக நின்றதால் மற்றது மரவள்ளி. நம் பக்கம் குச்சிக்கிழங்கு என்றாலும் அதுதான்.

இவற்றில் மண்ணின் மூத்த பிள்ளை காட்டு வள்ளிதான். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டபோது, உழாமலே விளையும் நான்கு பொருள்கள் அந்த மலையில் உண்டு என்று கபிலர் புறநானூற்றில் பட்டியல் போடுகிறார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவை அவை. இத்தனையும் இருக்கும்போது வெளியே படை நிற்பதால் மலைக்காரனைப் பட்டினி போட்டுவிட முடியாது என்பது அவர் வாதம். முருகனின் வள்ளிக்கு அந்தப் பெயர் வந்ததும், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தையாகக் கிடைத்தாள் என்ற கதையால்தான். தோண்டி, சுட்டோ வேகவைத்தோ தின்பது. கசக்கும் வகையாக இருந்தால் நறுக்கி ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு வேகவைப்பது. மலைச் சனங்களின் கிழங்குச் சமையல் அவ்வளவுதான்.

கல்வராயன் மலையும் அப்படிப்பட்ட மலைதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாமை, தினை, கேழ்வரகு, கடுக்காய், புளி, தேன், கிழங்கு இவைதான் வாழ்வு. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் அந்த மலை நெடுங்காலம் இருந்தது. நாடு 1947இல் சுதந்திரம் பெற்ற பிறகும் ஜாகிர் ஆட்சி தொடர்ந்து, 1976இல்தான் மலை முழுவதுமாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. ரோடும், பள்ளிக்கூடமும், ரேஷன் கடையும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஏறின. விளைந்ததை விற்கும் சந்தையும், அதோடு மரவள்ளியும் அந்த ரோட்டில்தான் மலையெங்கும் பரவின.

இப்போது சர்க்கரைவள்ளிக்கு வருவோம். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. கொலம்பஸின் கப்பல்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. நம் நாட்டுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தது. கரீபியத் தீவுகளில் அதன் பெயர் 'பட்டாட்டா'. அந்தச் சொல் மராத்தியில் உருளைக்கிழங்கின் பெயராக இடம் மாறிவிட்டது. சிங்களத்தில் 'பத்தல' என்று சர்க்கரைவள்ளிக்கே நின்றது. யாழ்ப்பாணத்தார் 'வத்தாளங்கிழங்கு' என்பதிலும் அதன் சாயல் கேட்கிறது. நாம்தான் சொந்தப் பெயர் வைத்துக்கொண்டோம்.

இந்தக் கிழங்கு போன நாடுகளிலெல்லாம் பஞ்சத்தோடு சண்டை போட்டிருக்கிறது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் 1594 பஞ்சத்தின்போது, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கொடியை நடச் சொல்லி அதிகாரிகள் சனங்களைக் காப்பாற்றினார்கள். ஜப்பானில் 1735இல் ஆவோகி கோன்யோ என்ற அறிஞர் இதைத் தலைநகர்ப் பக்கம் பயிரிட்டுக் காட்டியதால் 'கிழங்கு வாத்தியார்' என்று பெயர் வாங்கினார். நம் காலத்தில், 2016ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் மூவர், ஆரஞ்சு நிறச் சதை கொண்ட சர்க்கரைவள்ளியை ஆப்பிரிக்காவில் பரப்பியவர்கள். வைட்டமின் ஏ குறைவால் கண் பார்வை போகும் குழந்தைகளுக்கு அது மருந்து மாதிரி. 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு ரகத்தையும், 'பூ கிருஷ்ணா' என்ற கத்தரிப்பூ நிற ரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளைச் சதைக் கிழங்கு; அதில் இந்தச் சத்து குறைவு.

மூன்றாவது வள்ளியான மரவள்ளியின் கதை வேறு மாதிரிப் போனது. அதுவும் தென் அமெரிக்கச் செடிதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் மக்களைத் தாங்கியது மரவள்ளி. அதே போர்தான் சேலத்தில் அதை ஆலைக்கு அனுப்பியது. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதால், 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் அந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். தொழில் ஆத்தூர் வழியாகச் சின்னசேலம், கள்ளக்குறிச்சி வரை வந்தது. 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பாக 'சேகோசர்வ்' உருவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆக, கல்வராயன் மலைச் சரிவில் இன்று விளையும் மரவள்ளியில் பெரும் பகுதி சாப்பிடும் கிழங்கு அல்ல. ஆலைக்குப் போகும் கச்சாப் பொருள். மூட்டையின் எடை மட்டும் விலையை முடிவு செய்வதில்லை. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று ஆலையில் பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். எட்டு பத்து மாதம் காத்திருந்து வெட்டிய கிழங்கு இரண்டு நாள் கிடந்தாலே கெட ஆரம்பிக்கும் என்பதால், விவசாயியால் பேரம் பேசிக் காத்திருக்கவும் முடியாது. ஒரே பயிரை நம்பினால் பூச்சிக்கும் கொண்டாட்டம். 2020இல் இந்தியாவுக்குள் வந்த புதிய மாவுப்பூச்சி தமிழ்நாட்டு மரவள்ளியைச் சுருட்டிப் போட்டது. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை ஒரு சிறு குளவியை விட்டு அடக்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்திருந்தது. அந்தக் குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022இல் சேலம் மாவட்டத்தில் வயலில் விட்டார்கள். மலைக்கு மேற்கே ஏத்தாப்பூரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக நிலையத்தின் பெயர் 'மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்'. நான் மேலே சொன்ன உறவுக்காரர்கள் இருவருக்கும் ஒரே வீடு!

மரவள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மழையை நம்பிய மேட்டு நிலத்தில் கையில் காசு பார்க்க வைத்த பயிர் அது. ஆனால் பறம்பு மலையைக் காத்த கிழங்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது மலைக்காரனின் அடுப்புக்குப் போனது. இதன் விலையை வேறு யாரோ வேறு எங்கோ சொல்கிறார்கள். தின்பதற்கென்று இரண்டு பாத்தி சர்க்கரைவள்ளியும் வள்ளியும் நிலத்தில் இருந்தால், விலை விழுந்த வருஷத்திலும் வீட்டில் அடுப்பு எரியும். அதை வாங்க நம்மைப் போன்றவர்கள் சந்தையில் இருந்தால், அந்த இரண்டு பாத்தி நாலு பாத்தியாகும்.

சரி, சிப்ஸுக்கு வருவோம். கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுட்டவர்கள் நாம். ஓவன் அதன் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரக் கிழங்கு இரண்டை, சுமார் 400 கிராம், தோலோடு நன்றாகக் கழுவிச் சீவல் கட்டையில் ஒரே கனமாக மெல்லிசாகச் சீவுங்கள். அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் போட்டு, துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெயில் பிரட்டித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். 130 முதல் 140 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம். பாதியில் ஒருமுறை திருப்ப வேண்டும். உப்பும் மிளகும் கடைசியில். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். ஓரத்தில் இருப்பவை முதலில் சிவக்கும், அவற்றை எடுத்துவிடுங்கள். மாவுச்சத்துள்ள பண்டம் அதிகச் சூட்டில் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். பொன்னிறத்தோடு நிறுத்துவது நல்லது. எண்ணெயை அடியோடு ஒழிக்கவும் வேண்டாம். ஆரஞ்சுக் கிழங்கின் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்.

இதே முறையைப் பச்சை மரவள்ளியில் செய்யாதீர்கள். அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. ஆலைக்கு வளர்க்கும் கசப்பு ரகங்களில் அதிகம். தோல் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் எதுவும்.

இனி, நல்லதா என்ற கேள்வி. எண்ணெய் குறைவு என்பது உண்மை. ஆனால் மெதுவாகச் சூடேறும்போது கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சுட்ட கிழங்கு அவ்வளவு இனிப்பதற்கு அதுதான் காரணம். அதனால் வேகவைத்ததைவிடச் சுட்டது ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். கிழங்கில் எழுபது சதவீதம் போலத் தண்ணீர். அது வற்றிவிட்டால் 400 கிராம் கிழங்கு 130 கிராம் சிப்ஸாகிவிடும்; பேசிக்கொண்டே இரண்டு கிழங்கைத் தின்றுவிடலாம். பேரப்பிள்ளைகளுக்கு, கடைப் பாக்கெட்டுக்குப் பதிலாகத் தாராளமாகக் கொடுங்கள். என் வயதில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் நாலு வில்லையோடு நிறுத்திக்கொண்டு, மற்றொரு நாள் ஒரு சின்னக் கிழங்கைத் தோலோடு வேகவைத்துச் சாப்பிடலாம். மார்கழி, தை மாதத்தில் சந்தையில் மண் ஒட்டிய கிழங்கு வரும்போது வாங்குங்கள். விற்பவர் மலையிலிருந்து இறங்கி வந்தவராக இருந்தால், காட்டு வள்ளி இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.