ரெண்டு டிஸ்க் பெட்டி: நிற்காமல் ஓடவா, தொலையாமல் இருக்கவா?

இந்த வாரம் கொஞ்சம் ஹார்ட்வேர், நிறைய வரலாறு.

கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச இடத்தை நிறுத்தி, எல்லாத்தையும் 15 ஜிபி கணக்குக்குள்ள அடக்கச் சொன்னதுலேருந்து என் நண்பர்கள் வட்டத்தில் ஒரு பேச்சு அடிக்கடி வருது. "மாசா மாசம் வாடகை கட்டுறதுக்குப் பதிலா வீட்டுலயே ஒரு நாஸ் பெட்டி வச்சுடலாமே?" நாஸ் என்பது பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை. ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஒரு கேபிளை எடுத்து ரௌட்டர்ல சொருகினா, வீட்டில் இருக்கிற ஃபோன், லேப்டாப், டிவி எல்லாம் அந்த டிஸ்க்கைப் பகிர்ந்துக்கலாம்.

நானும் ஒண்ணு வாங்கி செட் பண்ணினேன். முதல் தடவை ஆன் பண்ணினதும் அது ஒரு கேள்வி கேட்கும். ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே பெரிய இடமாக வைக்கணுமா, இல்லை ஒண்ணு இன்னொண்ணோட நகலாக இருக்கணுமா? 4 டிபி டிஸ்க் ரெண்டு போட்டால், முதல் வழியில் 8 டிபி கிடைக்கும். ரெண்டாவது வழியில் 4 டிபிதான். அந்த ரெண்டாவது வழிக்குப் பேர் ரெய்டு 1. செல்லமாக, மிரர். அதைத் தேர்ந்தெடுத்துட்டு நாம எல்லாரும் விடுற ஒரு பெருமூச்சு இருக்கு பாருங்க: "அப்பாடா, இனி ஃபோட்டோ எல்லாம் பத்திரம்!"

அந்த "அப்பாடா" எவ்வளவு தூரம் சரி? அதைத் தெரிஞ்சுக்க, அந்த மிரர் எங்கே, யாருக்காகப் பிறந்துச்சுன்னு பார்க்கணும்.

வங்கிக்காக வந்த கண்ணாடி

1956-ல் ஐபிஎம் ராமாக் என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. அதில்தான் உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க் இருந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், சுமார் ஒரு டன் எடை. இவ்வளவும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்கும். இன்னைக்கு நம்ம ஃபோன் எடுக்கிற ஒரே ஒரு ஃபோட்டோவின் அளவு, அவ்வளவுதான்.

அந்த அளவுக்கும் விலைக்கும் இன்னொரு டிஸ்க்கை வாங்கி சும்மா நகலாக ஓட்டுவதை எல்லாரும் நினைத்துப் பார்க்க முடியாது. அதனால் தரவுகளைக் காந்த நாடாவில் எழுதி, கழற்றி, அலமாரியில் பூட்டி வைப்பார்கள். இந்த அலமாரியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1974-ல் ஜிம்மி ட்ரெய்பிக் என்பவர் கலிஃபோர்னியாவில் டேண்டம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். டேண்டம்னா ரெண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள். பெயருக்கேத்த மாதிரி, அவங்க மெஷினில் முக்கியமான பாகம் எதுவும் ஒத்தையாக இருக்காது. ப்ராசசர் ஒண்ணுக்கு மேல, பவர் சப்ளை ஒண்ணுக்கு மேல, டிஸ்க்கையும் ஜோடியாகப் போட்டு ஒரே தரவை ரெண்டிலும் எழுதலாம். முதல் மெஷின் 1976-ல் சிட்டிபேங்குக்குப் போனது. அந்த வரிசைக்கு வைத்த பெயரே நான்ஸ்டாப்.

அந்தப் பெயர்லயே விஷயம் இருக்கு. ஏடிஎம் வாசலில் வரிசை நிற்குது, பின்னாடி ஒரு டிஸ்க் செத்துப்போகுது. வாடிக்கையாளருக்கு அது தெரியவே கூடாது. அடுத்த நொடி இன்னொரு டிஸ்க் வேலையைத் தொடரணும். மிரர் தீர்க்க வந்த பிரச்சினை இதுதான்: நிற்காமல் ஓடணும். போன வாரம் ஃபைல் எப்படி இருந்துச்சுன்னு அதுகிட்ட கேட்டா பதில் இருக்காது. அதுக்குத் தெரிஞ்சது இந்த நொடி மட்டும்தான்.

ரெய்டு வந்த கதை

ரெய்டுன்னா நமக்கு வருமான வரித்துறைதான் ஞாபகம் வரும். இது வேற ரெய்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1987-ல் எழுதி, 1988-ல் ஒரு மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் வந்த சொல் அது.

அவர்கள் யோசனை ரொம்ப எளிமை. பெரிய நிறுவனங்கள் வாங்கும் ஒரு ராட்சத டிஸ்க்குக்குப் பதிலாக, பர்சனல் கம்ப்யூட்டருக்காக வந்த மலிவான குட்டி டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கினால் என்ன? வேகமும் கிடைக்கும், காசும் மிச்சம். ஆனா ஒரு கணக்கு இடிச்சுது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும்னு வச்சுக்கோங்க. 100 டிஸ்க் அடுக்கினால், அதில் ஏதோ ஒண்ணு பழுதாக ஆகும் சராசரி நேரம் 300 மணி. ரெண்டு வாரம்கூட இல்லை!

அதனால் கூடுதல் டிஸ்க் போட்டு, ஒண்ணு போனாலும் தரவு பிழைக்கிற மாதிரி ஐந்து வழிகளை வரிசைப்படுத்தினார்கள். அதில் முதல் வழி, ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த மிரர். தாங்கள் பார்த்ததிலேயே செலவு அதிகமான வழின்னு அதைக் குறித்தார்கள், ஏன்னா வாங்கின டிஸ்க்கில் பாதி நகலுக்கே போயிடும். மற்ற நாலு வழியும் அந்தச் செலவைக் குறைக்கத்தான். ஆனா ரெண்டே டிஸ்க் இருக்கிற நம்ம வீட்டுப் பெட்டிக்கு, அவங்க "செலவு அதிகம்"னு சொன்ன அந்த முதல் வழிதான் வாய்ச்சது.

கட்டுரையின் கணக்குக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கு: ஒரு டிஸ்க் பழுதாவதற்கும் இன்னொண்ணு பழுதாவதற்கும் தொடர்பு இல்லை என்பது. நம்ம வீட்டு நிலைமை என்ன? ரெண்டும் ஒரே நாள், ஒரே கடையில், பெரும்பாலும் ஒரே பேட்ச்சில் வாங்கினது. ஒரே அடாப்டர், ஒரே சூடு, ஒரே ஷெல்ஃப். இரட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒண்ணாவே வளருதுங்க. ஒண்ணாவே படுத்துக்கவும் வாய்ப்பு இருக்கு.

வீட்டுக்குள் வந்த விதம்

வங்கியில் இருந்த சமாச்சாரம் நம்ம டிவி ஸ்டாண்டுக்கு வர, டிஸ்க் விலை குறைஞ்சா மட்டும் போதாது. விண்டோஸ் கம்ப்யூட்டர் பேசுற ஃபைல் பகிர்வு மொழி அந்தப் பெட்டிக்கும் தெரியணும். அதைச் செய்து கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1992-ல் அவர் இலவசமாக வெளியிட்ட நிரல்தான் பின்னாடி சாம்பா ஆனது. அந்த மொழியின் பெயர் எஸ்எம்பி. அந்த மூணு எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர்தான் சாம்பா. லினக்ஸ், சாம்பா ரெண்டுமே இலவசம் என்பதால், சின்ன நிறுவனங்களும் மலிவாக இந்தப் பெட்டியைச் செய்ய முடிந்தது.

தொழில்நுட்பம் வீட்டுக்கு வந்துடுச்சு. ஆனா அதோட எல்லையைப் பத்தி அதைச் செய்தவங்களுக்குத் தெரிஞ்ச உண்மை, நம்ம வீடு வரைக்கும் சரியா வந்து சேரல.

42 சதவீதம்

ஜிம் க்ரே, தரவுத்தளத் துறையின் பெரிய மேதை, 1998-ம் ஆண்டின் ட்யூரிங் விருது பெற்றவர். 1985-ல் டேண்டத்தில் வேலை பார்த்தபோது, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று கேட்டு ஒரு அறிக்கை எழுதினார். தங்கள் மெஷின்கள் நின்ற சம்பவங்களைப் பிரித்துப் பார்த்தார். ஹார்ட்வேர் காரணம் 18 சதவீதம். சாஃப்ட்வேர் 25. மின்சாரம் போன்ற சுற்றுப்புறக் காரணங்கள் 14. மனிதர்கள் இயக்குவதிலும் பராமரிப்பதிலும் வந்த கோளாறு? 42 சதவீதம்.

எல்லாத்தையும் ஜோடியாகப் போட்ட கம்பெனியின் கணக்கு இது. ஜோடி போட்டது நல்லா வேலை செய்ததால்தான் ஹார்ட்வேர் பின்னுக்குப் போனது. முன்னாடி வந்து நின்னது மனுஷன். ஒரு ஃபோல்டரை நீங்க கை தவறி டெலீட் பண்ணினா, மிரர் அந்த டெலீட்டையும் விசுவாசமாக ரெண்டாவது டிஸ்க்கில் செஞ்சு முடிச்சுடும். கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது.

இதுக்கு ரெண்டு சாட்சி சொல்றேன். 1998-ல் பிக்சாரில் டாய் ஸ்டோரி 2 வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு டெலீட் கட்டளை படத்தின் ஃபைல்களை மளமளவென்று அழித்தது. பேக்கப்பைத் தேடினால், அதுவும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டர். குழந்தை பிறந்திருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார், அதுக்காக ஒரு நகல் அங்கே இருந்தது. அந்த மெஷினைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார்கள்.

இன்னொண்ணு 2021 ஜூன். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளை இணையம் வழியாக யாரோ தாக்கி, உள்ளே இருந்ததைத் துடைத்தார்கள். ரெண்டு டிஸ்க் மாடலான டுவோவும் அதில் அடக்கம். 2015-க்கு அப்புறம் அந்தப் பெட்டிகளுக்கு அப்டேட்டே வரவில்லை. எந்த டிஸ்க்கும் பழுதாகவில்லை. ஒரே கட்டளையில் ரெண்டும் காலி.

அப்போ என்ன பண்றது?

என் பெட்டியில் இருக்கிறதிலேயே முக்கியமானது சினிமாவோ கோடோ இல்லை. எங்க பாட்டி கல்யாணமாகி வந்த புதுசுல ஊர் எப்படி இருந்துச்சுன்னு பேசின ஒரு ஆடியோ. 40 நிமிஷம். பாட்டி இப்போ இல்லை. அந்தக் குரலை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

அதுக்காக நான் செஞ்சு வச்சிருக்கிறது இது. மிரர் இருக்கு, ஒரு டிஸ்க் செத்தால் வீட்டில் வேலை நிற்காது. பெட்டி தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும், கை தவறி அழிச்சா நேத்தைய நிலைக்குப் போகலாம். பெட்டியை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்கிறதில்லை. நாலாவது, ஒரு யுஎஸ்பி டிஸ்க். அதில் எல்லாத்தையும் நகல் எடுத்து மதுரையில் அக்கா வீட்டு பீரோவில் வைக்கிறேன், ஊருக்குப் போகும்போதெல்லாம் புதுப்பிக்கிறேன். ஏன்னா நான் இருக்கிறது சென்னை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணி வந்ததை யாரும் மறக்கல. ஒரே பெட்டியில் இருக்கிற ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கும் இதையேதான் சொல்லுது: மூணு நகல், ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வீட்டுக்கு வெளியே. 1950-களில் நாடாவைக் கழற்றி அலமாரியில் பூட்டினாங்களே, அந்த அலமாரிதான் எங்க அக்கா வீட்டு பீரோ.

பெட்டி வாங்காதீங்கன்னு நான் சொல்லல. தாராளமா வாங்குங்க. ஆனா பட்ஜெட் போடும்போதே வெளியே வைக்கிற மூணாவது டிஸ்க்கையும் சேர்த்துப் போடுங்க. அதுக்குக் காசு பத்தலைன்னா, மிரரை விட்டுட்டு ஒரு டிஸ்க்கைப் பெட்டியிலும் இன்னொண்ணை வேற வீட்டிலும் வைங்க. டிஸ்க் செத்தால் ரெண்டு நாள் வேலை நிற்கும், பரவாயில்லை. நாம வங்கி நடத்தல.

ஏற்கெனவே பேக்கப் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம். அதிலிருந்து ஒரே ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்க. பிக்சார்காரங்க திறந்து பார்த்தது, அழிஞ்சதுக்கு அப்புறம்தான்.